ஏழாம் நம்பர் விசிறி

டாக்டர் அறையில் எடை மெஷினைக் கண்டதும் நம் வயதுக்காரர்கள் செய்கிற கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? செருப்பைக் கழற்றுகிறோம். கண்ணாடியைக் கழற்றுகிறோம். போன வாரம் ஒரு அம்மாள் வாயிலிருந்த பாக்கைக்கூடத் துப்பிவிட்டு வந்து ஏறினார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கைப்பையை முதலில் இறக்கி வைத்துவிடுவேன். ஆனால் அப்படி இறக்கி வைக்கும் அந்த ஒரு நொடி எனக்கு முட்டிவலியும் இருக்காது, சர்க்கரையும் இருக்காது. எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணாக எங்கள் திட்டின் படகுத்துறையில் நின்றுகொண்டிருப்பேன்.

எங்கள் திட்டு வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பங்கழி. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் அங்கே பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கழியைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். கோல் ஊன்றிப் போகிற தோணியில் முக்கால் மணி நேரம் ஆகும். ஆண்பிள்ளைகள் அக்கரையில் சொந்தக்காரர் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு சரி.

நான் எட்டு முடித்த அந்தக் கோடையில்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து திரும்பி வந்தார். கையில் வெள்ளிப் பட்டை போட்ட வாட்ச், தலையில் அத்தர் வாசனை, கூடவே கடலூர் துறைமுகத்தில் வாங்கிய ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார். அதை ஒரு நீளமான மரப்படகின் பின்னால் மாட்டி, "இனிமே நம்ம பொண்ணுங்க பத்தாவது வரைக்கும் படிக்கும்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். ஊரில் பதினாலு பேர் பெண்களை அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு கண்டிஷன். ஒரு மாதம் பார்ப்போம், முதல் மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் இருக்க வேண்டும், தாமதமாகி வாசலில் நிற்கிற கதை வந்தால் எல்லாப் பெண்களும் வீட்டோடு என்றார்கள்.

சீக்கிரமே கிளம்பினால் ஆயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். அது முடியாது. எங்கள் ஊர் அம்மாக்கள் விடிவதற்குள் மீன் கூடையோடு தோணி ஏறி அக்கரைச் சந்தைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது பெண்கள்தான். அம்மாக்கள் வர எட்டரை ஆகும். எங்களுக்கு எட்டே முக்காலுக்குத்தான் படகு. ஒன்பதேகாலுக்கு மணி. அக்கரையில் இறங்கிச் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு நடக்கக் கால் மணி நேரம் ஆகும். ஆக, கழியைப் பதினைந்து நிமிடத்தில் தாண்டினால் நான் ஒன்பதாம் வகுப்பு. தாண்டாவிட்டால் அடுப்படி.

மோட்டார் தண்ணீரைத் தள்ள அடியில் ஒரு புரொப்பல்லர் சுற்றும் இல்லையா? எங்கள் திட்டில் அதற்கு விசிறி என்று பெயர். மாமாவிடம் இரண்டு விசிறிகள் இருந்தன. ஒன்று மோட்டாரோடு வந்தது. சாம்பல் நிறம், மூன்று இறக்கை, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி பொக்கை. இன்னொன்று மாமா தனியாக ஆசைப்பட்டு வாங்கியது. அது எவர்சில்வர் குடம் மாதிரி மின்னியது. இரண்டின் நடுக்குழலிலும் இரண்டிரண்டு எண்கள் வெட்டியிருந்தன. பழையதில் ஒன்பதும் ஏழும். புதியதில் ஒன்பதும் பதினொன்றும்.

வெள்ளோட்டம் விட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் திட்டில் வெள்ளோட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, படகின் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் ஏறிப் போய் வர வேண்டும். வேறு ஆள் ஏறக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது, பெண்கள் படகைத் தொடவே கூடாது. மாமா முதலில் பழைய விசிறியை மாட்டிக்கொண்டு தனியாகப் போனார். அக்கரையைத் தொட எட்டு நிமிடம். பிறகு கரைக்கு வந்து புதியதை மாட்டிக்கொண்டு போனார். ஆறு நிமிடம். கரையில் நின்ற ஊர் கைதட்டியது. பழைய விசிறியைக் கழற்றி எங்கள் வீட்டுக் கொல்லையில் போட்டார்கள். கோழி அதன்மேல் ஏறி நின்றது.

அதைத் தூக்கிக்கொண்டு போனவள் எதிர்வீட்டுக்காரி. என் வகுப்பு, என் வயது. நான் குண்டு, அவள் நெட்டை. அப்பா இல்லை. அம்மா மீன் கூடை தூக்குகிறவர். எதைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டு டைம்பீஸைக் கழற்றி மாட்டி, ஒரு சக்கரம் மிச்சமாகிவிட்டது என்று என் கையில் கொடுத்தவள். அதற்கப்புறமும் அந்த டைம்பீஸ் ஓடியது என்பதுதான் ஆச்சரியம்.

"இத நான் எடுத்துக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோ. அம்மாவ அம்மி நகராம முட்டுக்கொடுக்கச் சொல்லு," என்று சிரித்தார் மாமா.

பள்ளி திறந்தது. புது நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, சிதம்பரத்தில் வாங்கிய துணிப்பை. பதினாலு பேரும் படகில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தோம். மண்ணெண்ணெய் வாடையும் புதுத் துணியின் கஞ்சி வாடையும் கலந்து அடித்தது. மாமா கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது. படகு நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். பின்னால் கரும்புகை. மூக்கு மேலே தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, சினைப்பசு நடக்கிற மாதிரி போனது. பத்தொன்பது நிமிடம். ஓட்டமாக ஓடிப் போய் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் நுழைந்தோம்.

அடுத்த நாள் வாசல் சாத்தியிருந்தது. காவல்காரர் பாவம் பார்த்து உள்ளே விட்டார். அதற்கடுத்த நாள் தலைமையாசிரியை எங்கள் பதினாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "உங்க ஊருக்கு மட்டும் தனி மணி அடிக்கணுமா?" என்று கேட்டார். பிறகு வீட்டுக்குக் கடிதம் கொடுத்தார்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். மண்ணெண்ணெயில் கலப்படம் என்றார் ஒருவர். பிளக்கை மாற்றினார்கள். மோட்டாருக்குத் திருஷ்டி என்று மிளகாயும் எலுமிச்சையும் கோத்துக் கட்டினார்கள். பெண்கள் படகில் வாயாடுவதால் மாமாவின் கவனம் சிதறுகிறது என்று ஒரு பெரியவர் சொல்ல, இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு போனோம். அந்த இரண்டு நாளும் பத்தொன்பது நிமிடமேதான்.

எதிர்வீட்டுக்காரி மட்டும் வேறொன்றைக் கவனித்தாள். எங்களை இறக்கிவிட்டு மாமா தனியாகத் திரும்பிப் போகும்போது அவள் நடக்காமல் நின்று காது கொடுத்துக் கேட்பாள். நான் பாவாடையைப் பிடித்து இழுப்பேன்.

"இருடி. கேளு. இப்ப பாடிக்கிட்டுப் போவுது. நாம ஏறுனா முக்குது. அதே மோட்டாரு, அதே மண்ணெண்ணெ. ஏன்?"

"நமக்கு லேட்டாவுதுடி."

"ஏன்னு தெரியாம எப்பிடிடி நடக்குறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை புது விசிறியை உப்பு படியாமல் கழுவுவதற்காக மாமா கழற்றி வைத்திருந்தார். கழுவுகிற வேலை எனக்கு. அவள் பழையதை எடுத்துக்கொண்டு வந்தாள். நூலால் அளந்தோம். இரண்டும் ஒரே அகலம். அதுதான் அந்த ஒன்பது. அப்படியானால் ஏழும் பதினொன்றும் எது? தரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவள் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தாள். இறக்கைகளின் முறுக்குதான் வேறாக இருந்தது. ஏழு படுத்த முறுக்கு, பதினொன்று நிமிர்ந்த முறுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் குச்சியை இறுக்கிச் செருகி, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி உள்ளங்கையால் கடைந்தோம். ஏழு லேசாகச் சுற்றியது. பதினொன்று கையைத் திருப்பிப் பிடித்தது. வெறும் தண்ணீர் இவ்வளவு கனமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஒரு சுற்றுக்குப் படகை எத்தனை அங்குலம் முன்னே தள்ளப் பார்க்கும் என்பதுதான் அந்த இரண்டாவது எண். இதை நான் எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் அன்றைக்கே, பாவாடை நனைய நின்றுகொண்டு, அதைத் தன் வழியில் கண்டுபிடித்துவிட்டாள்.

நேரே மாமாவிடம் போய்ச் சொன்னாள். "மாமா, பெரிய கரண்டியால கூழ் கிண்டுனா கை நோவுமில்ல? கூழு கெட்டியாவ ஆவ கை நின்னே பூடுமில்ல? அந்த மாதிரிதான் மோட்டாருக்கும். நாங்க ஏறுனா கூழு கெட்டி. சின்ன கரண்டி போடணும். ஏழ மாட்டுங்க மாமா."

திண்டாடிக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏழு பெருசா, பதினொண்ணு பெருசா? எட்டாவது வரைக்கும் படிச்சு இதான் கத்துக்கிட்டியா? ஊரே பாக்க வெள்ளோட்டத்துல ஓட்டிக் காட்னேன். எட்டு நிமிஷம், ஆறு நிமிஷம். நீ பாக்கல?"

"அது காலிப் படகு மாமா."

"வெள்ளோட்டம்னா காலிப் படகுதான் விடுவாங்க. போ போ."

அவள் போகவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்து சாக்பீஸால் தரையில் என்னவோ கணக்குப் போட்டாள். கடைசியில் பழைய விசிறியின் ஒரு இறக்கையில் பத்து என்று பெரிதாக எழுதினாள். "பதினாலு பேரோட இது பத்து நிமிஷத்துல போவும். பாத்துக்கிட்டே இரு," என்றாள்.

மூன்றாவது வாரம் ஊர் மறுபடி கூடியது. மோட்டார் சரி, எண்ணெய் சரி, அப்படியானால் பாரம்தான் ஜாஸ்தி என்று மாமா சொன்னார். ஒரு ஆளைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றார். யாரைக் குறைப்பது என்பதில் சண்டை வந்தது. அப்போது என் அப்பா எழுந்தார்.

என் அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். சர்க்கரையில் ஒரு எறும்பு ஏறியிருந்தால்கூட ஊதிவிட்டுத்தான் நிறுப்பார் என்று ஊரில் பேர். "சண்டை எதுக்கு? கடையில எடை மேடை இருக்குது. படகுக்குப் பாரம்தான பிரச்சனை? புள்ளைங்கள பையோட நிறுப்போம். யாரு ஜாஸ்தியோ அந்தப் புள்ள நின்னுக்கட்டும். என் பொண்ணுன்னாலும் சரி," என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். இதைவிட நியாயம் உண்டா என்றார்கள். பெண்பிள்ளைகளை மூட்டை மாதிரி ஊர் நடுவில் நிறுப்பது அவர்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே நியாயம் தராசுதான்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் நின்று நான் யோசித்தேன். குண்டு யார்? நான்தான். பையிலிருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். ஜாமெண்ட்ரி பாக்ஸை எடுத்தேன். சோற்று டப்பாவை எடுத்தேன். ஒரே ஒரு நோட்டு. பை தொய்ந்து தெரியாமலிருக்கப் பழைய பாவாடை ஒன்றைச் சுருட்டி உள்ளே அடைத்தேன். பிறகு நல்ல பிள்ளை மாதிரி கிளம்பினேன்.

வழியில் எதிர்வீட்டுக்காரி சேர்ந்துகொண்டாள். அவள் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. "விசிறிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்டி. எல்லாரும் இருப்பாங்க இல்ல? நிறுத்து முடிச்சதும் எடுத்துக் காட்டுவேன். ரெண்டையும் தண்ணியில கடைஞ்சி பாக்கச் சொல்லுவேன். கைக்குத் தெரியுமில்ல," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

படகுத்துறை மணலில் எடை மேடை வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக ஏறினோம். ஏறுகிறவள் பெயரை ஒருவர் கூப்பிட, அப்பா குண்டை நகர்த்திப் பார்த்து எடையைச் சொல்ல, ஆண்கள் திரும்பச் சொன்னார்கள். தையற்காரர் மகள் அழுதுவிட்டாள். என் முறை வந்தபோது தராசுக் கம்பி நிற்காமல் ஆடியது. "ஆடாம நில்லு," என்றார் அப்பா. நாற்பத்து நாலு. அதுவரைக்கும் அதுதான் அதிகம். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஏறியவள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெட்டையாக நின்றாள். நாற்பத்து நாலரை.

அரைக் கிலோ. அவள் பைக்குள் இருந்த விசிறியே ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. அது எனக்குத் தெரியும். அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு நிறுங்கள் என்று சொல்ல ஒரே ஒரு வாய் போதும். அந்த வாய் என்னிடம் இருந்தது. நான் என் தொய்ந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அவள் பையில் கையை விட்டு விசிறியை எடுத்தாள். "ஒரு நிமிஷம் இருங்க, இதப் பாருங்க" என்று ஆரம்பித்தாள். அதற்குள் நேரமாகிவிட்டது என்று மாமா கயிற்றை இழுத்துவிட்டார். பதிமூன்று பேரும் ஏறினோம். மோட்டார் சத்தத்தில் அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அன்றைக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது.

இன்னும் மூன்று வாரம் அப்படியே இழுத்தது. கண்டிஷன் போட்ட ஒரு மாதம் தாண்டியும் இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று மாமா ஊரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் மோட்டாரையே மாற்றிவிடுவது என்று கடலூர் துறைமுகத்திலிருந்து மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தார். பாய் மோட்டாரைத் திறக்கவே இல்லை. எங்கள் பதிமூன்று பேரையும் ஏறச் சொன்னார். மோட்டாரை முழுசாக முறுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல தம்பி. அதுக்கு மூச்சு முட்டுது. காலிப் படகுக்கு இந்தப் பதினொண்ணு ஜோரா ஓடும். புள்ளைங்கள ஏத்துற படகுக்கு ஆவாது. பாரம் ஜாஸ்தின்னா நம்பர் கம்மியா இருக்கணும். மோட்டாரோட ஒரு ஏழு வந்திருக்குமே, அது எங்க?"

மாமா எதிர்வீட்டுக்கு ஓடினார். விசிறி அம்மிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இறக்கையில் சாக்பீஸில் எழுதிய பத்து அழியாமல் இருந்தது. இது என்ன என்று பாய் கேட்டார். என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. மாமா அதைக் கைலி நுனியால் துடைத்துவிட்டு மாட்டினார்.

படகு பறந்தது. மூக்கு தணிந்து, புகை இல்லாமல், தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பிரிய, மாமா வாட்சைப் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓட்டினார். ஒன்பது நிமிடம். பாய் பெரிய மூளைக்காரர் என்று ஊர் கொண்டாடியது. மீன் குழம்பு வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

அன்று சாயங்காலமே மாமா எதிர்வீட்டுக்குப் போய், இனிமேல் பதினாலு பேரும் வரலாம் என்று சொன்னார். அந்த அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அவ இல்லியே தம்பி. காடாம்புலியூருக்கு அவ அத்த வூட்டுக்கு அனுப்பிட்டேன். அங்க முந்திரிக்கொட்ட ஒடைக்க ஆளு கேட்டாங்க. வூட்ல சும்மா குந்தியிருந்தா என்னா பண்றது?" என்றார். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார் மாமா. அடுத்த வருஷம் யாரும் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் அந்தப் படகில் போய்ப் படித்துத்தான் சிதம்பரத்தில் கணக்கு டீச்சரானேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் காலமும் தூரமும் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். பிறகு கழிக்கு மேல் பாலம் வந்தபோது படகு விறகாயிற்று. இரண்டு விசிறியும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

போன தை மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் ஒரு நெட்டை உருவம் குழாயைத் திருகித் திருகிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வாஷர் போய்விட்டதாம். விரல் நுனிகள் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தன. முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அவளும் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கறுத்த கையால் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். இரண்டு பேரன்களாம். மருமகள் தங்கமாம். முந்திரிப் பட்டறையில் மெஷின் நின்றுபோனால் இப்போதும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம்.

நான் அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிட வாயெடுத்தேன். நாற்பத்தைந்து வருடமாக வைத்திருந்த வார்த்தை. அவள் அதற்குள் என் கையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் அதே பழைய ஆவல்.

"ஏன்டி, எனக்கு ஒண்ணு சொல்லு. அப்புறம் அந்த ஏழ மாட்டுனாங்களா?"

"மாட்டுனாங்க."

"எத்தினி நிமிஷம் ஆச்சு?"

"ஒம்போது."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "பத்துன்னு இல்ல நான் எழுதுனேன்? ஒம்போது எப்பிடி வரும்? பதினாலு பேரும் இருந்தீங்களா?"

"பதிமூணு பேர்டி," என்றேன்.

அவள் உதட்டை அசைத்து மனசுக்குள் என்னவோ கூட்டினாள். பிறகு முகம் தெளிந்தது.

"அதான் பாத்தேன். என்னையும் ஏத்தியிருந்தா பத்து வந்திருக்கும்."